எதிர்க்கட்சி ஷெட்டு ராஜாமணி

ஒரகடம் ரோட்டில் இன்றைக்கு ஒருத்தனைப் பார்த்து நீ யார் வீட்டுப் பையன் என்று யாரும் கேட்பதில்லை. என்ன வண்டி வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்கிறார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் காலுக்குக் கீழே இருக்கிற வண்டியைப் பார்த்து, இவன் இப்படித்தான் என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். யார் மகன், எந்த வண்டி, இரண்டும் தெரிந்தால்தான் ஆள் பிடிபடும்.

ராஜாமணியைச் சொல்கிறேன், கேளுங்கள். என் சித்தப்பா மகன் பலராமனுடைய மூத்த பெண் அவள். பிள்ளைப்பாக்கத்தில் கண்ணப்பனுக்குக் கட்டிக்கொடுத்தோம். கண்ணப்பன் வேறு யாருமில்லை, பலராமனுடைய கூடப்பிறந்த அக்கா செல்லம்மாள் பெற்றவன். அத்தை மகனையே கட்டினாள். கண்ணப்பன் கம்பெனி ஆட்களை ஏற்றுகிற பஸ் ஓட்டுகிறான், மறைமலை நகர் ரூட்டு. ஒரே மகள் பூஜா காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். ராஜாமணிக்கு வண்டி எது என்றால், டிவிஎஸ் எக்ஸெல். பச்சைக் கலர். முன்னால் அரிசி மூட்டை, பின்னால் கேஸ் சிலிண்டர், நடுவில் தான் என்று உட்கார்ந்து பதினேழு வருஷமாக ஓட்டுகிறாள். ஒரு தடவை ஆட்டையே ஏற்றி வந்தாள், அது வழியெல்லாம் அவள் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

கண்ணப்பன் வீட்டு நிலம் ஒன்றரை ஏக்கர் தொழிற்பேட்டைக்குப் போனபோது, அளந்தவர்கள் கோட்டை வளைத்துப் போட்டதில் ரோட்டோரம் ஒரு துண்டு மிச்சமாகிவிட்டது. இருபதடி அகலம், எண்பதடி நீளம். வீடும் கட்ட முடியாது, விதைக்கவும் முடியாது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனி வந்தது. அதன் மெயின் கேட்டு சரியாக இந்தத் துண்டுக்கு நேர் எதிரே.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம். கம்பெனி செய்கிற வண்டியில் வேலைக்கு வந்தால் கேட்டுக்கு உள்ளே, பெரிய தகர ஷெட்டில், நிழலில் விடலாம். வேறு பேர் போட்ட வண்டியில் வந்தால் வெளியே. வெளியே என்றால் வெயிலில். நம் வண்டியை நாமே ஓட்டாவிட்டால் ஊரான் எதற்கு வாங்குவான் என்பது அவர்கள் நியாயம். நியாயம்தான். ஆனால் சித்திரை மாதம் மத்தியானம் இரண்டரைக்கு முதல் ஷிப்டு முடிந்து வந்து அந்த சீட்டில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். குன்றத்தூர் அந்தோணிராஜ் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான், எழுந்த வேகத்தில் டேங்கைப் பிடித்தான், டேங்கும் சுட்டது. ரோட்டில் அவன் குதித்த குதியை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ராஜாமணி அதை எக்ஸெல்லில் போகும்போது பார்த்தாள். அடுத்த வாரமே துண்டு நிலத்தில் தூண் நட்டு, தகரம் போட்டு, வண்டி நிறுத்துகிற ஷெட்டு ஆக்கிவிட்டாள்.

அறுபது வண்டி நின்றது. உள்ளே இருக்கிறவர்கள் இதற்கு எதிர்க்கட்சி ஷெட்டு என்று பேர் வைத்தார்கள். அப்படியென்றால் உள்ளே இருக்கிறது ஆளுங்கட்சி. பேர் நிலைத்துவிட்டது. வாட்ச்மேன் முதற்கொண்டு, 'நீ ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா, கையெழுத்துப் போடு' என்பான்.

எதிர்க்கட்சிக்குள்ளேயே எத்தனை கோஷ்டி என்கிறீர்கள். புல்லட்காரர்கள் நாலு பேர். அவர்கள் வண்டியைச் சாய்த்து நிறுத்த மாட்டார்கள். ரெண்டு நிமிஷம் டீ குடிக்கப் போவதானாலும் மூச்சைப் பிடித்துத் தூக்கி நடு ஸ்டாண்டு போடுவார்கள். சாய்ந்து நிற்பதெல்லாம் சைக்கிள் என்பது அவர்கள் நினைப்பு. அந்தோணிராஜுடையது ஆர்எக்ஸ் நூறு, அவன் அண்ணன் ஓட்டிய வண்டி. அதை அவன் தவிர வேறு யார் கால் உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது என்று சத்தியம் செய்வான். திருப்பிப் பின்பக்கமாகத் தள்ளி, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துவான். ஷிப்டு முடிந்தால் திருப்பிக்கொண்டிருக்க நேரமில்லையாம். ஜீவானந்தம் ஸ்ப்ளெண்டர். நாலு நாளைக்கொரு தடவை பெட்ரோல் போடுகிறவனைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். 'நீ வண்டி வச்சிக்கினுகிறியா, பங்க்கு வச்சிக்கினுகிறியா?' என்பான். இவன் வண்டியைக் கியரில் போட்டுத்தான் நிறுத்துவான், கண்ணாடி இரண்டையும் காது மடக்குகிற மாதிரி உள்ளே மடக்கிவிடுவான்.

புல்லட்காரன் ஆர்எக்ஸைக் கொசு என்பான். ஆர்எக்ஸ்காரன் புல்லட்டை மாவு மில் என்பான். இரண்டு பேரும் சேர்ந்து ஸ்ப்ளெண்டரைப் பால்காரன் வண்டி என்பார்கள். மூன்று பேரும் சேர்ந்து எக்ஸெல்லை வண்டியென்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதைப் பற்றி ராஜாமணியிடம் மட்டும் பேச்சை எடுக்க மாட்டார்கள். எடுத்தவனை அவள் வெயிலில் நிறுத்தியிருக்கிறாள்.

தெற்கத்திப் பையன் ஒருத்தன், பேச்சிராஜ், சங்கரன்கோவில் பக்கம். லைனில் சக்கரம் மாட்டுகிற வேலை. தாய்மாமன் கொடுத்த பழைய புல்லட்டை லாரியில் போட்டுக் கொண்டுவந்தவன். முதல் தூண் பக்கத்து இடம் அவனுக்குத்தான். தூணிருந்தால் ஒரு பக்கமாவது எவனும் இடிக்க மாட்டான் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினான். துடைக்கிற துணியை மடித்து, பிரேக் பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். ஆறு வருஷம் அந்த இடத்தில் வேறு வண்டி நின்றதில்லை.

ராஜாமணி டோக்கன் கொடுத்ததில்லை. ஆளைப் பார்த்தால் வண்டி தெரியும், வண்டியைப் பார்த்தால் ஆள் தெரியும். அது எங்கள் வம்சத்து ஞாபகம். பலராமன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முதுகைப் பார்த்தே இன்னார் மகன் என்று சொல்வான். பெண்ணுக்கு அது வண்டியில் வந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ஷெட்டுக்குத்தான் போன ஆவணியில் ஆபத்து வந்தது. கம்பெனி கேட்டில் பெரிய பேனர் கட்டினார்கள். மாற்று மேளா. எந்தப் பேர் வண்டியானாலும் கொண்டுவந்து கொடு, புதுக் கம்பெனி வண்டியை எடுத்துப்போ, தொழிலாளிக்குத் தனித் தள்ளுபடி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடைசி. வாசலில் மேளக்காரர்களை நிறுத்தி, வண்டி மாற்றுகிற ஒவ்வொருத்தனுக்கும் மாலை போட்டார்கள். மாலை போட்டால் நம் ஆட்கள் எதைத்தான் கொடுக்க மாட்டார்கள்?

அறுபது, முதல் வாரம் நாற்பத்தைந்து ஆனது. அடுத்த வாரம் இருபத்தெட்டு. ராஜாமணி ஒவ்வொரு நாளும் காலி ஆன இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு வருவாள், வாசல் மாதிரி. ஷெட்டு காலியானால் பூஜாவின் கடைசி வருஷப் படிப்பு எப்படி என்பது அவள் வாயில் வரவில்லை, ஆனால் முகத்தில் இருந்தது. கண்ணப்பன் வேறு ஒரு சேதி கொண்டுவந்தான். அவன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்கள்கூட மாலைக்கு ஆசைப்பட்டு வண்டி எடுத்துவிட்டார்களாம், பஸ்ஸில் அவனும் கிளீனரும் மட்டும் பேசிக்கொண்டு போகிறார்களாம்.

புல்லட்காரர்கள் போக மாட்டார்கள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மூன்று பேர் போனார்கள். ஜீவானந்தம் போனான், புது வண்டி மைலேஜை ஒரு பேப்பரில் எழுதிக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். கடைசி நாள் பேச்சிராஜும் வந்து நின்றான். அவனுக்குக் குன்றத்தூரில் பெண் பார்த்திருந்தார்கள், கவிப்பிரியா என்று பேர். நிச்சயத்துக்குப் புது மாப்பிள்ளை புது வண்டியில் போக வேண்டும் என்று ரூமில் கூட இருந்த பையன்கள் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். புல்லட்டைத் தூண் பக்கமிருந்து வெளியே தள்ளும்போது அவன் ராஜாமணி முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் துணியை மட்டும் பிரேக்கிலிருந்து அவிழ்த்து அவன் கையில் கொடுத்தாள்.

ஆயுத பூஜை அன்றைக்கு உள்ளே தொள்ளாயிரம் வண்டிக்குப் பூஜை, பூசணிக்காய் உடைக்கிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. வெளியே எங்கள் ஷெட்டில் இரண்டே வண்டி. அந்தோணிராஜின் ஆர்எக்ஸ், ராஜாமணியின் எக்ஸெல். இரண்டுக்கும் சந்தனம் வைத்து, பொரி கடலை படைத்து, ஒரே ஒரு பூசணிக்காயை ரோட்டில் போட்டு உடைத்தாள். அந்தோணிராஜ் சிலுவை போட்டுக்கொண்டு கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இனி நம்ம கட்சியில் தலைவர் நீங்க, தொண்டன் நான் என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீபாவளிக்குள் வண்டி வராவிட்டால் தகரத்தைக் கழற்றி விற்றுவிடுவதென்று அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள்.

பூஜை முடிந்து கம்பெனி திறந்த முதல் நாள் நான் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டரைக்குச் சங்கு ஊதியது. கேட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. நேரே ரோட்டைத் தாண்டி எங்கள் ஷெட்டுக்குள்ளே வந்தது. பத்துப் பதினைந்து பேர். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவனவன் பழைய இடத்தில் போய் நிற்கிறான். இடம் காலி. முகமெல்லாம் வெளுத்துப்போய்த் திரும்பி, வண்டியைக் காணோம் என்று ராஜாமணியைக் கேட்கிறான். ஜீவானந்தம் போலீசுக்குப் போன் செய்ய எடுத்தேவிட்டான். அவளும் நானும் அந்தோணிராஜும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரன் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தான். ஆறேழு வருஷமாக ஷிப்டு முடிந்தால் ரோட்டைத் தாண்டின கால் அது. வண்டி மாறினது அதற்கு யார் சொன்னது?

அசடு வழிந்துகொண்டு திரும்பிப் போனார்கள். ஆனால் அதற்கப்புறம்தான் உள்ளே கூத்து.

புதுசாகக் கொடுத்தது எல்லாம் ஒரே மாடல், ஒரே கறுப்பு. ஏற்கெனவே உள்ளே இருந்ததும் முக்கால்வாசி அதே கறுப்புதான். நம்பர் பிளேட்டு வர ஒரு மாதம் ஆகும் என்று முன்னால் ஒரு காகிதம் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஐப்பசி மழை முதல் நாளே காகிதத்தைக் கரைத்துவிட்டது. அறுநூறு வண்டிக்குக் கட்டின ஷெட்டில் தொள்ளாயிரம் வண்டி. நினைத்துப் பாருங்கள், இரட்டைப் பிள்ளைகளில் எது எதுவென்று கேட்டாலே தாய் ஒரு நிமிஷம் நிற்பாள், இது தொள்ளாயிரம் பிள்ளை. ஷிப்டு விட்டதும் ஒவ்வொருத்தனும் சாவியை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகக் குத்திப் பார்க்கிறான். ஒருத்தன் அவசரத்தில் அடுத்தவன் பூட்டில் சாவியை முறித்துவிட்டான். இரண்டு பேர் ஒரே வண்டியை என்னுடையது என்று பிடித்துக்கொண்டு விடவில்லை, கடைசியில் மூன்றாவது ஆள் வந்து அது அவனுடையது என்று எடுத்துப்போனான். வெளியே போக முடியாமல் இவர்கள், உள்ளே வர முடியாமல் அடுத்த ஷிப்டு, நடுவில் லாரி. லைன் அரை மணி நேரம் தாமதமாக ஓடுகிறதென்று பேச்சு.

செக்யூரிட்டி ஆபீசர் வசந்தகுமார் விசில் ஊதியே ஓய்ந்துபோனார். அவர்தான் போன மாதம் ராஜாமணியிடம், ஷெட்டுக்கு 'வாடகைக்கு' என்று போர்டு எழுதிவிடலாமா என்று கேட்டவர்.

வெள்ளிக்கிழமை. நல்ல மழை. நாலரைக்குக் குன்றத்தூரில் பேச்சிராஜுக்குத் தட்டு மாற்ற வேண்டும். ஊரிலிருந்து அம்மா, அக்கா, தாய்மாமன் எல்லாரும் வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். லைனில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஷிப்டு முடிந்து போய்விடலாம் என்று இவனும் தைரியமாக வந்துவிட்டான். மணி மூன்று இருக்கும். நனைந்துகொண்டே ரோட்டைத் தாண்டி ஓடி வந்தான். வந்தவன் முதல் தூண் பக்கம் போய் நின்று, தூணைத் தடவிப் பார்த்தான்.

"ஏக்கா, என் வண்டியக் காங்கலியே."

"இங்க எப்டிடா இருக்கும்? நீதான் ஆளுங்கட்சிக்குப் பூட்டியே."

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரமாக உள்ளே தேடியிருக்கிறான். பெண் வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது, தாய்மாமன் நாலு தடவை. அந்தோணிராஜ் அன்றைக்கு இரண்டாவது ஷிப்டு, அவன் வண்டி நிற்கிறது, சாவி அவனோடு உள்ளே போய்விட்டது. எக்ஸெல்லை எடுத்துப் போ என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை எக்ஸெல்லில் போய் இறங்குவதா என்று அந்த நிலைமையிலும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ராஜாமணி புடவையை இழுத்துச் செருகினாள். வாடா என்றாள். குடையைக்கூட எடுக்கவில்லை.

கேட்டில் வசந்தகுமார் கையை நீட்டி மறித்தார். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. அவள் நின்றாள்.

"சரி சார். நீங்களே இவன் வண்டியத் தேடிக் குடுங்க. நான் இப்டியே திரும்பிப் போறன்."

வசந்தகுமார் திரும்பிப் பார்த்தார். பின்னால் தொள்ளாயிரம் வண்டி, அறுநூறு ஆள், ஹாரன் சத்தம், மழை. கையை இறக்கிவிட்டார்.

உள்ளே நடந்ததை அவளும் சொன்னாள், பேச்சிராஜும் சொன்னான், ஜீவானந்தம் தனியாக வந்து நடித்தே காட்டினான். மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது, அதனால் நடந்தபடி சொல்கிறேன். அவள் நேரே போய் ஒரு சிமெண்டு மேடையில் ஏறி நின்றாள். சத்தம் போடவில்லை, யாரையும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்து மழையைத் துடைத்துவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள்.

"அதோ, தண்ணித் தொட்டிக்கு ரெண்டு வண்டி இப்பால. எடுத்துக்கினு ஓடு."

பேச்சிராஜுக்கு நம்பிக்கை இல்லை. இங்கே நான் விடவே இல்லையே அக்கா என்கிறான். போய் சாவியைப் போட்டான், விளக்கு எரிந்தது. பிரேக் பிடியில் துணி இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. அவன்தான் சுற்றியிருக்கிறான், அவனுக்கே தெரியாது. காலையில் தூண் பக்கம் இடமில்லாமல் அங்கே விட்டுவிட்டு, மத்தியானம் தூண் தூணாகத் தேடியிருக்கிறான்.

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று வசந்தகுமார் கேட்டார். அவள் சொன்னாள்: "எல்லா வண்டியும் எடது பக்கம் சாஞ்சிக்கினு கீது பாருங்க சார். அது மட்டும் நிமிந்து நிக்குது. நடு ஸ்டாண்டு. இந்த ஷிப்டுல புல்லட்காரன் இவன் ஒருத்தன்தான்."

வண்டி போன மாதமே போய்விட்டது. ஆனால் ஆள் இன்னும் புல்லட்டில்தான் இருக்கிறான்.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மேடையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அக்கா என்னுது, அக்கா என்னுது என்று பழைய எதிர்க்கட்சி அத்தனை பேரும். அவள் கையை நீட்டி நீட்டிக் காட்ட ஆரம்பித்தாள். கண்ணாடி மடக்கினது ஜீவானந்தத்துடையது, கியரில் கிடக்கும், பார்த்து எடு. மூக்கு வெளியே பார்க்க நிற்கிறதே அது அந்தோணிராஜின் கூட்டாளியுடையது, அவனும் முன்பு ஆர்எக்ஸ் வைத்திருந்தவன், இரண்டு பேரும் ஒரே கையெழுத்து. சீட்டு மேல் செங்கல் வைத்தது, முன்பு சீட்டு கிழிந்த வண்டி வைத்திருந்தவன், காற்றில் உறை பறக்காமல் இருக்க வைப்பான், இப்போது உறையே இல்லை, செங்கல் மட்டும் வந்துவிட்டது. ஒவ்வொரு வண்டியாகச் சாவி பொருந்தும்போதும் கூட்டம் விசில் அடிக்கிறது. பந்தயத்தில் காளை பிடிக்கிற மாதிரி. இருபது நிமிஷத்தில் ஐம்பது வண்டி வெளியே போய்விட்டது. மழையில் நனைந்துகொண்டு அடுத்த ஷிப்டுக்காரர்கள் கை தட்டினார்கள். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன், எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. உள்ளே யாருக்கோ கல்யாணம் போல என்று டீக்கடைக்காரனிடம் சொன்னேன்.

பேச்சிராஜ் நாலு இருபதுக்கு மண்டபத்தில் போய் நின்றான். தட்டு மாற்றிவிட்டார்கள்.

மறுநாளும் இரண்டரைக்கு ராஜாமணியைக் கூப்பிட வாட்ச்மேன் ஓடி வந்தான். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் அவளாகவே ஒரு யோசனை சொன்னாள். நம்பர் போட்டு வரிசை வைத்தால் எவனுக்கும் நம்பர் ஞாபகம் இருக்காது, ஆனால் தன் ஊரை எவனும் மறக்க மாட்டான், ஊர் ஊராக வரிசை வையுங்கள் என்றாள். குன்றத்தூர் வரிசை, மறைமலை நகர் வரிசை, பிள்ளைப்பாக்கம் வரிசை. தெற்கத்திப் பையன்கள் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தெருப்படி தனி. ஒரு வரிசையில் நாற்பது வண்டி, நாற்பதும் ஒருத்தனுக்கொருத்தன் தெரிந்தவன், மச்சானோ சித்தப்பன் மகனோ. யார் வண்டியை யார் மாற்றி எடுத்தாலும் பக்கத்தில் இருக்கிறவனே கத்துவான். நாலே நாளில் ஷெட்டு பத்து நிமிஷத்தில் காலியாகத் தொடங்கியது.

ஆபீசிலிருந்து ராஜசேகர் என்பவர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், எழுந்து நின்று நாற்காலி காட்டினார். இரண்டு ஷிப்டு மாறுகிற நேரத்துக்கும் உள் ஷெட்டை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும், கூட இரண்டு ஆட்களை வைத்துக்கொள்ளலாம், மாதச் சம்பளம், காண்டிராக்டு என்று சொன்னார். பூஜாவின் படிப்பு அந்த நிமிஷமே முடிந்த மாதிரிதான். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். எனக்கு ரோட்டிலிருந்தே கையைக் காட்டினாள், சின்ன வயதில் பலராமன் திருவிழாவில் பரிசு வாங்கிவிட்டுக் காட்டுவானே, அதே மாதிரி.

முதல் நாள் வேலைக்கு எக்ஸெல்லில் கம்பீரமாகப் போனாள். கேட்டில் நிறுத்திவிட்டார்கள்.

வேறு பேர் வண்டி. உள்ளே விடச் சட்டம் இல்லை.

கேட்டில் நின்ற கூட்டம் சிரித்து உருண்டது. உள் ஷெட்டு முழுக்க அவள் பொறுப்பு, அவள் வண்டிக்கு மட்டும் இடமில்லை. வசந்தகுமாருக்கே சங்கடமாகப் போய், ராஜசேகருக்குப் போன் போட்டார். அவர் இறங்கி வந்தார். மேளா முடிந்துவிட்டது, ஆனாலும் உங்களுக்காகத் தள்ளுபடியில் ஒரு வண்டி வாங்கித் தருகிறேன், இந்த எக்ஸெல்லைக் கொடுத்துவிடுங்கள் என்றார். அவள் எக்ஸெல்லின் கைப்பிடியை விடவில்லை. கேஸ் சிலிண்டர் வைக்க உங்கள் வண்டியில் எங்கே சார் இடம் என்று கேட்டாள்.  அவர்கள் செய்கிற எந்த வண்டியிலும் சிலிண்டருக்கு இடம் கிடையாது. சரி, சட்டத்தைத் தளர்த்திவிடலாம், ஓர் ஓரமாக உள்ளே விட்டுக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்தார்.

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். நான்கூட எழுந்து ரோட்டோரம் போய் நின்றேன்.

"வோணாம் சார். சட்டம் அப்டியே இருக்கட்டும். எக்ஸெல்ல உள்ள வுட்டீங்கன்னா, நாளைக்கு அந்தோணி அவன் வண்டியத் தள்ளிக்கினு வருவான். அப்பால என் ஷெட்டுக்கு எவன் வருவான்?"

ராஜசேகர் முதலில் விழித்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார். அவள் எக்ஸெல்லைத் திருப்பிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து தன் ஷெட்டில் ஆர்எக்ஸுக்குப் பக்கத்தில் விட்டாள். விட்டுவிட்டு நடந்து கேட்டுக்குள் போனாள். ஆளுங்கட்சியில் மந்திரி, ஆனால் வண்டி எதிர்க்கட்சியில் என்று அந்தோணிராஜ் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

தீபாவளி வந்தது. தகரத்தைக் கழற்றவில்லை. புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் அவனவன் ஊரிலிருந்து அவனவன் வண்டியில் வருகிறான். மேளா முடிந்துவிட்டது, மாலை கிடையாது, வெயில் மட்டும் பழையபடி இருக்கிறது. ராஜாமணி ரோட்டுக்கு இந்தப் பக்கமும் பார்க்கிறாள், அந்தப் பக்கமும் பார்க்கிறாள்.

நேற்றுப் போயிருந்தேன். பத்தொன்பது வண்டி எண்ணினேன். எக்ஸெல் இரண்டாவது இடத்தில் நிற்கிறது. முதல் தூண் பக்கம் மட்டும் காலி, பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கிறது. ஒரு புதுப் பையன் அங்கே விடப் போனான், ராஜாமணி விடவில்லை. யாருக்கு என்று கேட்டேன்.

பேச்சிராஜுக்காம். நிச்சயத்தன்றைக்குத் தட்டு மாற்றி முடித்ததும் கவிப்பிரியா தன் தங்கையை விட்டுக் கேட்டனுப்பினாளாம், போட்டோவில் பார்த்த புல்லட் எங்கே என்று. அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் அவள் சரி என்றே சொல்லியிருக்கிறாள். பாவம், பையன் மறைமலை நகரில் பழைய வண்டி விற்கிற யார்டு யார்டாக அலைந்து தன் மாமன் வண்டியைக் கண்டுபிடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். தை பிறந்து கல்யாணம். கல்யாணத்துக்கு மறுநாள் இரண்டு பேருமாகப் புல்லட்டில் வருகிறார்களாம், இடத்தை வைத்திரு அக்கா என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அவர்கள் வருவதற்குள் அந்தத் தூணுக்கு அடிக்க ராஜாமணி பச்சைப் பெயிண்டு வாங்கி வைத்திருக்கிறாள். எக்ஸெல் பச்சை.